இருபது இலக்கம், ஏழு பகா எண்கள்: 2⁶⁴ − 1ஐப் பிரித்துப் பார்த்தால்

18446744073709551615. மொத்தம் இருபது இலக்கம். நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொன்னால் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி கோடி. இந்த எண்ணைப் பலரும் இரண்டு இடங்களில் பார்த்திருப்பார்கள். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போகும் கதையில் வரும் மொத்தம் இது. 64 பிட் கணினி, கழித்தல் குறி இல்லாத முழு எண்ணாக ஒரே பதிவகத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண்ணும் இதுவே. இதோடு 1ஐக் கூட்டினால் பதிவகம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

இரண்டு இடத்திலும் பேச்செல்லாம் அதன் பருமனைப் பற்றித்தான். எண்கோட்பாட்டின் கண்ணில் பருமன் பெரிய விஷயமே இல்லை. 2⁶⁴ − 1ஐ ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் ஒரே அமர்வில் பகாக் காரணிகளாக உடைத்துவிடலாம். அதிலிருந்து இரண்டே தள்ளி இருக்கும் 2⁶⁴ + 1இன் காரணிகள் உலகுக்குத் தெரியவந்தது 1880இல். இரண்டும் இருபது இலக்கம்தான், இரண்டுக்கும் முதல் பத்தொன்பது இலக்கமும் ஒன்றேதான். ஒரு எண் வசப்படுமா, முரண்டு பிடிக்குமா என்பதை நிர்ணயிப்பது அதன் நீளம் அல்ல, அது எப்படி உருவானது என்பது. அதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியவில்லை.

கணினிக்கு வெகு காலம் முன்பே இந்த எண் இலக்கம் பிசகாமல் கணக்கிடப்பட்டுவிட்டது. கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய காலவரிசை நூலில் அல்பிரூனி இதை முழுதாகக் கொடுக்கிறார். 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை அவர். 16ஐ வர்க்கப்படுத்து, வந்ததை வர்க்கப்படுத்து, இப்படி நான்கு முறை, கடைசியில் 1ஐக் கழி. 16, 256, 65536, 4294967296, பிறகு நம் எண்ணுக்கு ஒன்று கூடுதலானது. இந்த வர்க்கப் படிக்கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க ஏறி இறங்கப்போவது இதில்தான்.

முதலில் பள்ளிக்கூடச் சோதனைகளை முடித்துவிடலாம். கடைசி இலக்கம் 5, ஆகவே 5ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 7ஆல்? அதற்கு இருபது இலக்கத்தை வகுக்க வேண்டியதே இல்லை. 2³ = 8, அதை 7ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2⁶³இன் மீதியும் 1, 2⁶⁴இன் மீதி 2, ஒன்றைக் கழித்தால் 1. வகுபடாது. எண்ணை விட்டுவிட்டு அடுக்கைப் பிடித்துக்கொள்வதுதான் இங்கே தொழில் ரகசியம்.

அந்த அடுக்கு 64 என்பதுதான் இந்த எண்ணின் அதிர்ஷ்டம். எட்டாம் வகுப்பில் படித்த முற்றொருமை போதும்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டலும் கழித்தலுமாக இரண்டு காரணிகளாகப் பிரியும். 2⁶⁴ − 1 என்பது 2³² − 1ஐயும் 2³² + 1ஐயும் பெருக்கினால் வருவது. அந்த 2³² − 1 மறுபடி 2¹⁶ − 1, 2¹⁶ + 1 என்று பிரியும். 16 போய் 8, 8 போய் 4, 4 போய் 2, 2 போய் 1. 64 என்பது இரண்டின் அடுக்கு என்பதால் இந்தப் பிளவு நடுவழியில் எங்கும் நிற்காது, அடிவரை போகும். கடைசியில் மிஞ்சுவது கூட்டல் பக்கத்துக் காரணிகள் மட்டும்:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறும் 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, 2³² + 1. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். அவற்றின் கதைக்கு வருமுன் இரும வடிவத்தில் இவை எப்படித் தெரிகின்றன என்று பார்த்துவிடலாம்.

இரும எண்ணாக எழுதினால் 2⁶⁴ − 1 என்பது வரிசையாக 64 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. இதை 3ஆல் வகுத்தால் 010101… என்று 64 பிட்டும் மாறி மாறி வரும். 5ஆல் வகுத்தால் 00110011… என்று இரண்டிரண்டாக. 17ஆல் வகுத்தால் நான்கு பூஜ்யம் நான்கு ஒன்று. 257ஆல் வகுத்தால் எட்டெட்டாக, 65537ஆல் பதினாறு பதினாறாக. 4294967297ஆல் வகுத்தால் முதல் பாதி முழுக்கப் பூஜ்யம், பின் பாதி முழுக்க ஒன்று. கீழ்மட்ட நிரல் எழுதுபவர்களுக்கு இந்த ஆறு கோலங்களும் நன்றாகப் பழக்கமானவை. ஒரு 64 பிட் எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு, அடுத்தடுத்த பிட்களை இரண்டிரண்டாகக் கூட்டி, பிறகு நான்கு நான்காக, எட்டெட்டாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முகமூடியாக, அதாவது வேண்டிய பிட்களை மட்டும் விட்டு மற்றதை மறைக்க, வைப்பது இந்தக் கோலங்களைத்தான். ஏதோ வசதிக்காக யாரோ பொறுக்கி எடுத்த மாறிலிகள்போலத் தோன்றும். உண்மையில் அவை 2⁶⁴ − 1ஐ ஆறு ஃபெர்மா எண்களாலும் வகுத்தால் கிடைக்கும் ஈவுகள்.

ஆக ஆறு காரணிகள் இருமக் கோலத்திலேயே பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் இந்த எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஆறு அல்ல, ஏழு. கோலத்தில் தெரியாத ஒரு பிளவு கடைசிக் காரணியில் ஒளிந்திருக்கிறது. அது தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் ஒளிந்தே இருந்தது.

ஃபெர்மா தவறவிட்ட வகுத்தல்

1640இல் பியர் தெ ஃபெர்மா, தன் கடித நண்பர் ஃப்ரெனிக்ளுக்கு எழுதும்போது, 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகத் தெரிவித்தார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். முதல் ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவது, அதாவது 4294967297, பகா எண் அல்ல என்று 1732இல் ஆய்லர் காட்டினார்: அது 641 × 6700417.

641 எங்கிருந்து வந்தது? ஆய்லர் கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11 என்று வகுத்துப் பார்த்துக்கொண்டு போகவில்லை. ஒரு பகா எண், 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 2³²இன் மீதி −1, அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. இரண்டின் அடுக்குகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் மீதி 1 முதன்முதலாக வருவது சரியாக 64ஆவது அடுக்கில். அதற்கு முன்னால் வர வழியில்லை, ஏனென்றால் 32இல் −1 இருக்கிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வது, பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் இந்த 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும் என்று. ஆகவே தேட வேண்டியவை 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய பகா எண்கள் மட்டும்: 193, 257, 449, 577, 641… ஐந்தாவது முயற்சியிலேயே விடை.

இதில் ஒரு குரூரமான வேடிக்கை இருக்கிறது. அந்தச் சிறு தேற்றம் ஃபெர்மாவுடையது. அதைக் கடிதத்தில் எழுதியதும் அதே 1640இல்தான். தன் கருவியைத் தன் கருத்தின்மேல் ஒரு பக்கம் அளவுக்குப் பிரயோகித்திருந்தால் போதும், கருத்து அன்றே விழுந்திருக்கும்.

எவ்வளவு சிறிய வேலை என்று கணக்காகவே பார்ப்போம். 193இல் தொடங்கலாம். 2⁸ = 256, அதை 193ஆல் வகுத்த மீதி 63. அதை வர்க்கப்படுத்தினால் 3969, மீதி 109. அதை வர்க்கப்படுத்தினால் 11881, மீதி 108. இதுதான் 2³²இன் மீதி. வகுபட வேண்டுமானால் இது 192ஆக இருந்திருக்க வேண்டும், இல்லை. 257 ஏற்கெனவே வரிசையில் இருக்கும் ஃபெர்மா எண், அது இங்கே வர முடியாது (காரணம் சற்றுப் பின்னால்). 449க்கு மீதி 324, 577க்கு மீதி 287, இரண்டும் தள்ளுபடி. 641க்கு வருவோம். 2¹⁶ = 65536, அதை 641ஆல் வகுத்தால் மீதி 154. 154ஐ வர்க்கப்படுத்தினால் 23716. இது 641 × 37 = 23717ஐவிடச் சரியாக ஒன்று குறைவு. ஆகவே 2³²இன் மீதி −1, 2³² + 1இன் மீதி பூஜ்யம். வேலை முடிந்தது. 4294967297ஐ ஒரு முறைகூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

பின்னாளில் 1878இல் லூக்கா இந்தச் சல்லடையை இன்னும் இறுக்கினார். பகா எண் 64இன் மடங்கோடு ஒன்று என்றால், அது 8ஆல் வகுத்தால் மீதி 1 தரும் வகை. அந்த வகைப் பகா எண்களைப் பொறுத்தவரை 2 என்பதே ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக இருக்கும். அதனால் 64க்குப் பதிலாக 128 என்றே வைத்துக்கொள்ளலாம். 641 = 128 × 5 + 1, பொருந்துகிறது. இப்போது 257ஐத் தள்ளிவிட்டால், 128இன் மடங்கோடு ஒன்று கூட்டிய முதல் பகா எண்ணே 641. முதல் அடியிலேயே விழுகிறது.

இதே சல்லடை 6700417 பகா எண் என்பதையும் அள்ளித் தருகிறது. அதன் வர்க்கமூலம் 2588ஐ ஒட்டியது, ஆகவே அதுவரை சோதித்தால் போதும். சாதாரணமாக அதற்கு நூற்றுக்கணக்கான பகா எண்களை வைத்து வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் 6700417ஐ வகுப்பது 2³² + 1ஐயும் வகுக்கும் என்பதால், 128இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவம் இங்கேயும் கட்டாயம். 2588க்குள் அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 தள்ளுபடி. மற்ற நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை. நான்கு வகுத்தலில் ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது.

257ஐ ஏன் தள்ளினோம் என்பதற்கான காரணம் கோல்ட்பாக்குடையது, 1730இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முதல் ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால் 2³² − 1 வரும், அதாவது ஆறாவதைவிடச் சரியாக 2 குறைவு. ஒரு பகா எண் இரண்டிலும் இருந்தால் அது வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் எல்லாமே ஒற்றைப்படை எண்கள். ஆகவே எந்த இரண்டு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதிதாக ஒரு பகா எண்ணையாவது கொண்டுவருகிறது, வரிசைக்கு முடிவில்லை, எனவே பகா எண்களுக்கும் முடிவில்லை. யூக்ளிடின் நிரூபணத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த நிரூபணம் இது, பள்ளிப் புத்தகங்களில் ஏன் அதிகம் வருவதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 4294967297 பகா எண்ணா என்று 2ஐ அடிப்படையாக வைத்துச் சிறு தேற்றத்தால் சோதித்தால், அது பகா எண்ணைப்போலவே நடிக்கும்: 2ஐ 4294967296 அடுக்குக்கு உயர்த்தி, 4294967297ஆல் வகுத்தால், பகா எண்ணுக்கு வர வேண்டியதுபோலவே மீதி 1 வரும். ஃபெர்மா எண்கள் அனைத்துமே இப்படித்தான். 3ஐ வைத்துச் சோதித்தால் வேஷம் கலைந்துவிடும். 1877இல் பெப்பன் கொடுத்த சோதனையின் மையமே இந்த 3தான், இன்றைக்கும் ஃபெர்மா எண்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு வர்க்கங்களாக

641 = 625 + 16, அதாவது 25² + 4². 6700417 = 2556² + 409². நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒரே ஒரு விதத்தில். இதுவும் ஃபெர்மா சொன்னது, ஆய்லர் நிரூபித்தது.

இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலே என்பது அதற்கும் ஆயிரம் ஆண்டுகள் முந்தையது. 628இல் பிரம்மகுப்தர் எழுதிவைத்த பாவனை விதிக்குள் அது அடங்கியிருக்கிறது. விதியைப் பிரயோகித்துப் பாருங்கள். 25ஐ 2556ஆலும், 4ஐ 409ஆலும் பெருக்கினால் 63900, 1636. குறுக்கே பெருக்கினால் 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. முதல் சோடியைக் கூட்டி, இரண்டாவதைக் கழித்தால் 65536, 1. முதலாவதைக் கழித்து, இரண்டாவதைக் கூட்டினால் 62264, 20449. ஆகவே,

4294967297 = 65536² + 1² = 62264² + 20449²

முதல் வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது, 2³² + 1 என்பதே அதுதான். இரண்டாவது வடிவம்தான் காட்டிக்கொடுக்கும் சாட்சி. பகா எண்ணுக்கு ஒரே ஒரு வடிவம்தான் இருக்க முடியும். இதற்கு இரண்டு இருக்கிறது. எனவே இது பகா எண் அல்ல. 10225க்கும் 10224க்கும் உள்ள அந்த ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் மொத்த விவகாரமும் தொங்குகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

நம் இருபது இலக்க எண்ணை மட்டும் இரண்டு வர்க்கங்களாக எழுத முடியாது. இரும வடிவம் 111 என்று முடிவதால் 8ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாகக்கூட எழுத முடியாது, நான்கு கட்டாயம் வேண்டும். முட்டுக்கட்டை போடுவது 3 மட்டும்தான். மற்ற ஆறு பகாக் காரணிகளும் நான்கால் வகுத்தால் மீதி 1 தருபவை. 3ஐ நீக்கிவிட்டால் மிஞ்சும் 6148914691236517205ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக 32 வெவ்வேறு விதங்களில் எழுதலாம்.

இரண்டின் அடுக்கு ஆகாத கணக்கு

இப்போது முழுக் காரணிப்படுத்தல் கையில் இருக்கிறது:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வரவில்லை. ஏழு காரணிகள், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை, ஆக 128 வகுத்திகள். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணில் ஏறக்குறைய எழுபது சதவீதம் வரும், எனவே இது குறைவெண் வகை. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்லரின் ஃபை சார்பு அப்படியல்ல. ஒரு எண்ணைவிடச் சிறியதாகவும் அதனோடு பொதுக் காரணி இல்லாததாகவும் எத்தனை எண்கள் உண்டு என்பதே ஃபை மதிப்பு. பகாக் காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் கிடைத்துவிடும், காரணிகள் திரும்ப வராதவரை. 3, 15, 255, 65535, 4294967295 என்ற வரிசைக்கு ஃபை மதிப்புகள் 2, 8, 128, 32768, 2147483648. எல்லாமே இரண்டின் அடுக்குகள். ஃபெர்மா நினைத்தது சரியாக இருந்திருந்தால் அடுத்தபடியான நம் எண்ணுக்கும் அது அச்சு அசலாக 2⁶³ ஆக இருந்திருக்கும், அதாவது 9223372036854775808. உண்மையான மதிப்பு 9208981628670443520. துண்டு விழுவது 14390408184332288. அந்தத் துண்டையும் பிரித்துப் பார்க்கலாம்: 2³¹ஐ 6701056ஆல் பெருக்கினால் வருவது. 6701056 என்பது 641ஐயும் 6700417ஐயும் கூட்டி 2ஐக் கழித்தது. ஆய்லர் கண்டுபிடித்த இரண்டு எண்களின் தழும்பு ஃபை மதிப்பில் அப்படியே பதிந்திருக்கிறது.

இரண்டின் அடுக்கு கிடைக்காமல் போனதற்கு வடிவியலில் ஒரு விலை உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்குப் பலகோணம் வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஃபை மதிப்பு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். 1796இல் பத்தொன்பது வயதை எட்டுவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது காஸ் 17 பக்கம் சாத்தியம் என்று கண்டார். அந்த நிபந்தனை இல்லாமல் முடியவே முடியாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். ஆகவே பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள, வரைய முடியும் என்று இன்று தெரிந்த பலகோணங்கள், 4294967295இன் 32 வகுத்திகளில் 1ஐத் தவிர்த்த 31. அவற்றில் பெரியது 4294967295 பக்கம். 65537 பக்கத்துக்கான செய்முறையை எழுதி முடிக்க ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டு செலவிட்டார். கையெழுத்துப் படி கோட்டிங்கனில் இருக்கிறது. அதை வரைந்து பார்த்தால் வட்டத்திலிருந்து வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

காரணிகள் எதற்கு?

இத்தனைக்குப் பிறகு 641 என்ற காரணி தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ரேண்டம் எண்களை உருவாக்கும் நிரல்களைக் காட்டலாம். 2003இல் ஜார்ஜ் மார்சாலியா எக்ஸார்ஷிஃப்ட் என்ற முறையை வெளியிட்டார். 64 பிட் எண் ஒன்றை எடுத்து, அதை இடமும் வலமுமாக நகர்த்தித் தன்னோடு எக்ஸார் (இரண்டு பிட்களும் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்துகொண்டே போவது, அவ்வளவுதான். பூஜ்யம் பூஜ்யமாகவே தங்கிவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிடுவார்கள். மிச்சம் 2⁶⁴ − 1 நிலைகள். நல்ல நிரல் என்றால் இத்தனை நிலைகளையும் ஒரே சுற்றில் தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சுற்று குட்டையாகிவிடும்.

முழுச் சுற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டிப் பார்த்து அல்ல. வினாடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். மாறாக, ஓர் அடியை 0, 1 மட்டும் கொண்ட 64க்கு 64 அணியாக எழுதிக்கொள்வார்கள். அந்த அணியை 2⁶⁴ − 1 அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வர வேண்டும்; வர்க்கப் படிக்கட்டில் ஏறினால் இது ஒரு நொடி வேலை. அது வந்துவிட்டால் சுற்றின் நீளம் 2⁶⁴ − 1ஐ வகுக்கும் எண். அது 2⁶⁴ − 1ஏதானா, அல்லது அதன் சிறிய வகுத்தி ஒன்றா என்பதுதான் மிச்சக் கேள்வி. 127 சிறிய வகுத்திகளையும் சோதிக்க வேண்டாம். 2⁶⁴ − 1ஐ ஏழு பகாக் காரணிகளாலும் தனித்தனியே வகுத்து, அந்த ஏழு அடுக்குகளிலும் அலகு அணி வரவில்லை என்று பார்த்தால் முடிந்தது. 641ஐ விட்டுவிட்டு 4294967297ஐப் பகா எண் என்று எடுத்துக்கொண்டு சோதிப்பவர், சுற்று 641இல் ஒரு பங்காகச் சுருங்கியிருப்பதைக் கவனிக்காமலே போகலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சுற்றின் நீளம் பகா எண்ணாக வரும்படி வடிவமைக்க வேண்டும். 1998இல் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் அதைத்தான் செய்தது. அதன் சுற்று 2¹⁹⁹³⁷ − 1, அது பகா எண், அதனால் ஒரே சோதனை போதும். அடுக்கு 19937 என்பது பகா எண், 64ஐப்போலப் பாதி பாதியாகப் பிளக்க அதில் இடமில்லை.

சுற்று என்ற சொல்லோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1/3ஐ இரும முறையில் எழுதினால் 0.010101… என்று இரண்டிரண்டாகத் திரும்பும். 1/5 நான்கு நான்காக, 1/17 எட்டெட்டாக, 1/257 பதினாறாக, 1/65537 முப்பத்திரண்டாக. ஒரு பகா எண்ணின் தலைகீழ் இரும முறையில் சரியாக 64 பிட்டுக்கு ஒரு முறை திரும்ப வேண்டும் என்றால் அது 641 அல்லது 6700417. எண்ணற்ற பகா எண்களில் வேறு எதற்கும் அந்தக் குணம் கிடையாது.

அக்கம் பக்கம்

2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617, அடுத்த ஃபெர்மா எண். அதற்கு வித்தியாச முற்றொருமை உதவாது. சல்லடை உண்டு, காரணிகள் 256இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் இருக்க வேண்டும். ஆனால் முதல் காரணியே 274177, அதாவது 256 × 1071 + 1. மற்றது 67280421310721. 1880இல் இதை அறிவித்த லாண்ட்ரிக்கு வயது 82. தாமஸ் கிளாசன் 1855லேயே காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதே காரணிகளைக் கொடுத்திருந்தது பின்னர் தெரியவந்தது. கீழ்ப்பக்கம் வந்தால், 2⁶⁴க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் 2⁶⁴ − 59. ஏன் 59 என்பதற்கு எந்த முற்றொருமையும் கிடையாது. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படிக்கட்டில் இன்னும் ஏறினால் 2¹²⁸ − 1. இது நம் எண்ணையும் லாண்ட்ரியின் எண்ணையும் பெருக்கினால் வருவது, ஆகவே ஒன்பது பகாக் காரணிகள், 512 வகுத்திகள். இணையத்தில் தரவைப் பாதுகாக்கும் ஜி.சி.எம் என்ற குறியாக்க முறை, பூஜ்யத்தைத் தவிர்த்தால் இத்தனை உறுப்புகள் உள்ள களத்தில்தான் (கூட்டிப் பெருக்கி வகுக்கக்கூடிய எண் தொகுப்பில்) இயங்குகிறது. இத்தனை சிறிய காரணிகள் இருப்பதால் குட்டையான சுற்றுகளில் சிக்கும் பலவீனமான சாவிகள் அதில் உண்டு என்று குறியாக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அடுத்த படியான 2²⁵⁶ − 1 முழுதாக உடைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாரிசனும் பிரில்ஹார்ட்டும் 2¹²⁸ + 1ஐ உடைத்த ஆண்டு அது. அதற்கு அடுத்தது 1980இல். இப்படியே 2⁴⁰⁹⁶ − 1 வரை எல்லாம் முழுமையாகக் காரணிப்படுத்தப்பட்டுவிட்டன. அதற்கு மேல் படியான 2⁸¹⁹² − 1இல் ஒரே ஒரு துண்டு பாக்கி. 2⁴⁰⁹⁶ + 1இலிருந்து தெரிந்த ஆறு பகாக் காரணிகளை எடுத்த பிறகு மிஞ்சும் 1133 இலக்க எண் அது. பகா எண் அல்ல என்பது உறுதி. உடைத்தவர் யாரும் இல்லை.